மணாலி – லே பைக் பயணம்: கூடாரமா, அறையா?

செப்டம்பர் முதல் வாரம் மணாலியிலிருந்து லேவுக்குக் கிளம்புகிறோம். நானும் தங்கையும், ஒரே ஹிமாலயன் 411 பைக்கில். வழியில் கூடாரம் போடுவதா, அறை எடுப்பதா என்று ஒரு மாதமாக முடிவுக்கு வர முடியவில்லை.

போன வருடம் தனியாகப் போனபோது முதல் நாளே நேராக சார்ச்சு போய், சுமார் 4,290 மீட்டர் உயரத்தில் வாடகைக் கூடாரத்தில் படுத்தேன். இரவு முழுக்கத் தலைவலி, இரண்டு முறை வாந்தி, பொட்டுத் தூக்கம் இல்லை. விடிந்ததும் கேலாங்குக்கே இறங்கிவிட்டேன். குளிரை விட உயரம்தான் படுத்தியது என்று அப்புறம்தான் புரிந்தது. அதனால் இம்முறை முதல் இரண்டு இரவும் ஜிஸ்பாவில், சுமார் 3,200 மீட்டரில். அங்கே அறை கிடைக்கும், அதில் குழப்பமில்லை.

சொந்தக் கூடாரத்தை ஏலகிரியில் இரண்டு இரவு போட்டுப் பார்த்தோம், நன்றாக இருந்தது. ஆனால் ஸ்லீப்பிங் பேக், பாய் எல்லாம் சேர்த்து 9 கிலோ. இருவர் உட்கார்ந்தால் பின்பக்கம் அமுங்கி, வளைவுகளில் ஹேண்டில் லேசாகிறது. பின் ஸ்பிரிங்கை இறுக்கினேன், மூட்டையை முன்னால் நகர்த்திக் கட்டினேன், பெரிய மாற்றமில்லை. வழியில் தாண்டி என்ற ஊரில் பெட்ரோல் கேன் வேறு ஏறும்.

செப்டம்பரில் இருவராக இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்: ஜிஸ்பாவுக்கு மேலே ஓர் இரவுக்காக அந்த 9 கிலோவைச் சுமக்கலாமா, வீட்டிலேயே வைத்துவிடலாமா?