மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சொல்லாமல் கொள்ளாமல் செத்த கதை உங்களிடம் இருக்கிறதா?

கிணற்றடி:
தங்கை நிச்சயதார்த்தம், பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாமாவின் துணிக்கடை சைட் என் பொறுப்பு. 1 ஜிபி ரேம் விபிஎஸ் (வாடகை சர்வர்), ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) கிடையாது, வெப்சர்வரான அப்பாச்சி, வேர்ட்பிரஸ், மைஎஸ்கியூஎல் எல்லாம் ஒரே பெட்டியில். இலை முன்னால் உட்கார்ந்திருந்த மாமா போனைத் திருப்பிக் காட்டுகிறார், வெள்ளைத் திரையில் அந்த ஒற்றை வரி, டேட்டாபேஸ் கனெக்‌ஷன் இல்லை என்று. "என்னடா மாப்ள, இன்னைக்குத்தான் தள்ளுபடி போட்டேன்." அரிசி மூட்டை அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். எரர் லாகில் ஒன்றுமே இல்லை. வழக்கமான ஒரு வரி, அதற்கடுத்து நேராக சர்வர் ஸ்டார்ட் ஆகும் வரி, நடுவில் மூச்சு இல்லை. டிஸ்க் நிரம்பியதா, எவனாவது உள்ளே புகுந்தானா என்று ஒரு மணி நேரம் போனது. அப்புறம்தான் டிமெசெக்கில் லினக்ஸ் கர்னலின் லாகைப் பார்த்தேன்: மெமரி போதாமல் கர்னலே மைஎஸ்கியூஎல்லைக் கொன்றிருக்கிறது. கில் மைனஸ் 9 என்ற உடனடிக் கொலை வாங்கிய புராசஸ் லாக் எழுதிவிட்டா சாகும்? செத்தவன் டைரியில் கொலைகாரன் பெயரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உறுத்துவது அதுவல்ல. எட்டு மாதம் முன்பு ஒருமுறை இப்படி நின்றபோது, ஐந்து நிமிடத்துக்கொரு முறை பார்த்து, நின்றிருந்தால் கிளப்பிவிடும் கிரான் (நேரப்படி தானாக ஓடும் வேலை) ஒன்று போட்டு மறந்துவிட்டேன். கர்னல் லாகைத் தோண்டினால் 41 தடவை செத்திருக்கிறது. அன்றைக்கு அப்பாச்சி ரேமை முழுசாக அடைத்துக்கொண்டதில் எழுந்த வேகத்தில் மறுபடி செத்துக்கொண்டே இருந்தது, அதனால்தான் எனக்கே தெரிந்தது.

ராக்கோழி:
எனக்கு 2 ஜிபி. "ரேமில் 70 சதவீதம் பஃபர் பூலுக்குக் கொடு" என்று எங்கோ படித்து 1.4 ஜிபி எழுதினேன். மைஎஸ்கியூஎல் டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்தான் பஃபர் பூல். ரீஸ்டார்ட் சுகமாக ஆனது, டாப் கமாண்டில் பார்த்தால் மெமரி கொஞ்சம்தான் போயிருக்கிறது, ஆபீஸில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். நாலாம் நாள் ராத்திரி 2 மணிக்குச் செத்தது, மறுநாளும் அதே 2 மணி. மூன்றாம் ராத்திரி தூங்காமல் டாப்பைத் திறந்து வைத்துப் பார்த்தேன். பேக்கப் டம்ப் ஆரம்பித்ததும் நிஜமாகப் பிடித்திருக்கும் ரேமைக் காட்டும் ரெஸ் எண் ஏறுகிறது, 900, 1000, 1150 எம்பி, நிற்கவே இல்லை. கேட்கும்போது லினக்ஸ் சரி என்று தலையாட்டிவிடும், நிஜ ரேமைத் தொட்டால்தான் கொடுக்கும். டம்ப் எல்லா டேபிளையும் படிக்கிறதா, பூல் அப்போதுதான் உண்மையில் நிரம்புகிறது. அந்த 70 சதவீதம், டேட்டாபேஸ் தனியாகக் குடியிருக்கும் பெட்டிக்குச் சொன்னது. சைட்டை ஓட்டும் பிஎச்பியோடு கூட்டுக்குடித்தனம் நடத்தும் பெட்டிக்கு இல்லை.

அரைக்காப்படி:
இப்போது யாராவது வந்து போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாறச் சொல்வார்கள். நான் மாறினவன். மாதக் கடைசி ரிப்போர்ட் இழுத்தது, சார்ட் (வரிசைப்படுத்தல்) ரேமில் இடமில்லாமல் டிஸ்கில் நடக்கிறது என்று பார்த்து, அதற்கான ரேம் அளவான வொர்க் மெம்மை 4 எம்பியிலிருந்து 64 ஆக்கினேன். பறந்தது. அதைத் தூக்கிப் பொது கான்பிகிலேயே போட்டேன், அதுதான் வினை. வொர்க் மெம் ஆளுக்கு ஒன்று இல்லை, ஒரு குவெரிக்கு ஒன்றும் இல்லை, அதற்குள் நடக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஹாஷுக்கும் தனித்தனி. 15ஆம் பதிப்பிலிருந்து ஹாஷ் இதில் இரண்டு மடங்கு வரை எடுக்கலாம்.

31ஆம் தேதி பதினோரு பேர் ஒரே நேரத்தில் ரிப்போர்ட்டை அழுத்தினார்கள். கர்னல் கொன்றது ஒரே ஒரு பேக்எண்டை, அதாவது ஒருவருடைய வேலையைப் பார்க்கும் புராசஸை. ஆனால் ஒருவன் அப்படிச் செத்தால் பொது மெமரி கெட்டிருக்கலாம் என்று போஸ்ட்கிரெஸ் அத்தனை பேரையும் வெளியே தள்ளிவிட்டு ரெக்கவரிக்குப் போய்விடும். கணக்குப் பிரிவு அக்கா, "தம்பி, எனக்கு மட்டுந்தான் போச்சா?" என்று தலையைத் தூக்கினார். அடுத்த மேஜை. அதற்கடுத்த மேஜை. வரிசையாகத் தலைகள் எழுந்து என்னையே பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது 64 அந்த ரிப்போர்ட் யூசருக்கு மட்டும்தான்.

சர்வர் சித்தர்:
எனக்கும் ஒருமுறை செத்தது, சரிசெய்தேன், அதை விடுங்கள். கிணற்றடி, உங்கள் கதையில் குற்றவாளி மைஎஸ்கியூஎல்லே இல்லை. கர்னல் பெரும்பாலும் யார் பெருத்திருக்கிறானோ அவனைத்தான் அடிக்கும். உபுண்டுவில் அப்பாச்சி ப்ரீஃபோர்க் முறையில் 150 ஒர்க்கர் (வருகிறவர்களைக் கவனிக்கும் புராசஸ்) வரை போகலாம் என்று வருகிறது. ஆளுக்கு 50 எம்பி வைத்தாலும் 7 ஜிபிக்கு மேல், உங்களிடம் இருப்பதோ 1. தள்ளுபடி நாளில் கூட்டம் வந்தால் என்ன ஆகும்? ஒர்க்கரை 8 ஆக்குங்கள். மைஎஸ்கியூஎல்லில் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் டெபால்ட் 151, அதை 20 ஆக்குங்கள். மைஎஸ்கியூஎல் தன்னையே அளந்து வைக்கும் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவை அணையுங்கள், 5.6ஆம் பதிப்பிலிருந்து தானாகவே ஓடிக்கொண்டு கணிசமாகத் தின்கிறது. பஃபர் பூல் 128 எம்பி அப்படியே இருக்கட்டும். சார்ட் பஃபர் 256 கேபி, யாரோ எழுதினார்கள் என்று 8 எம்பி ஆக்காதீர்கள், அது கனெக்‌ஷனுக்குக் கனெக்‌ஷன் எடுக்கும். 1 ஜிபிக்கு ஸ்வாப் பைல் போட்டு ஸ்வாப்பினெஸ் (ஸ்வாப்பை எவ்வளவு சீக்கிரம் தொடலாம் என்ற அளவு) 10 வையுங்கள். சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டியில், யாரை முதலில் கொல்வது என்று கர்னல் பார்க்கும் ஊம் ஸ்கோரை மைனஸ் 900 ஆக்கினால் டேட்டாபேஸ் பக்கம் கர்னல் அநேகமாக வராது. ராக்கோழி, நீங்கள் பேக்கப்பை ரெப்ளிகாவில் (டேட்டாபேஸின் பிரதி ஓடும் இன்னொரு பெட்டி) எடுத்திருக்க வேண்டும்.

ராக்கோழி:
சித்தரே, 2 ஜிபி பெட்டிக்காரனிடம் ரெப்ளிகாவா. கேட்டேனா?

மூணாவது மாடி:
சித்தர் சொன்ன ஸ்வாப், ஸ்கோர் இரண்டையும் நான் செய்தவன். ஸ்கோரை மைனஸ் ஆக்கினேன், கர்னல் பிஎச்பியைக் கொன்றது. டேட்டாபேஸ் தெம்பாக இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. ஸ்வாப் இன்னும் மோசம். லோடு 90ஐத் தாண்டி, எஸ்எஸ்எச்சில் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் அது திரையில் வந்திருக்கும். செத்திருந்தால் ஒரு நிமிடத்தில் எழுந்திருக்கும், நாற்பது நிமிடம் இழுத்துக்கொண்டு கிடந்தது.

சர்வர் சித்தர்:
ஒர்க்கரைக் குறைக்காமல் ஸ்வாப் போட்டால் அப்படித்தான். வரிசையாகச் செய்யச் சொன்னேன்.

கிணற்றடி:
ஒர்க்கர் 8, ஸ்கீமா ஆஃப். மூன்று வாரமாகச் சாவு இல்லை. சித்தருக்கு நன்றி, ஸ்வாப் மட்டும் வேண்டாம். மாமாவிடம் 41 தடவை விஷயத்தைச் சொன்னேன், திட்டுவார் என்று பார்த்தால், "அப்ப வந்துட்டு வாங்காம போனது எத்தன பேருடா?" என்று மட்டும் கேட்டார். அப்பாச்சி லாகில் 500 என்று விழுந்த வரிகளை எண்ண ஆரம்பித்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம் வந்ததும் மூடிவிட்டேன்.