சீக்கியப் போர் வரலாற்றில் பெண்கள்: மாயி பாகோவைத் தாண்டி யார் யார்?

ஓலைநறுக்கு:
சீக்கியப் பெண் வீரர்கள் பற்றித் தமிழில் ஒரு பத்து நிமிட ஒலிக்கட்டுரை தயாராகிறது. எங்கே தேடினாலும் மாயி பாகோவோடு பேச்சு நின்றுவிடுகிறது. முகலாயப் படையை எதிர்த்து அவர் போரிட்ட, பஞ்சாபின் முக்த்சர் போருக்கே ஓரிடத்தில் 1705 கோடை என்றும், வேறிடத்தில் 1705 டிசம்பர் 29 என்றும் போட்டிருக்கிறார்கள். எதை எடுப்பது? வேறு யாரைச் சேர்க்கலாம்?

பஞ்சாங்கம்:
போர்த் தேதியைத் தனியாக எடுக்காதீர்கள், சீக்கியரின் பத்தாவது குரு கோவிந்த் சிங் முற்றுகைக்குள்ளான அனந்த்பூர் கோட்டையைவிட்டு வெளியேறியதோடு ஜோடியாக எடுங்கள். மரபுகள் இரண்டு. ஒன்றின்படி குரு கோவிந்த் சிங் அனந்த்பூரை விட்டது 1704 டிசம்பர். போர் விக்ரமி (வட இந்தியப் பழைய ஆண்டுக் கணக்கு) 1762 வைசாக மாதம், அதாவது 1705 கோடை. மற்றதில் வெளியேற்றம் 1705 டிசம்பர் தொடக்கம், போர் அதே மாதம் 29. முதல் மரபின் வெளியேற்றத்தை இரண்டாம் மரபின் போரோடு ஒட்டினால் நடுவே ஓராண்டு காரணமில்லாமல் தொங்கும். பல கட்டுரைகள் கெடுவது இங்கேதான்.

மாற்றும் கணக்கு: விக்ரமி ஆண்டில் 57 கழியுங்கள், ஜனவரி முதல் மார்ச் பாதி வரையிலான நாட்களுக்கு 56. டிசம்பர் 29 ஜூலியன் (பழைய ஐரோப்பிய நாட்காட்டி) கணக்கு. 11 நாள் கூட்டினால் இன்றைய நாட்காட்டியான கிரகோரியனில் 1706 ஜனவரி 9. அன்றைய மகர சங்கராந்தியை ஒட்டிய நாள் அது. முக்த்சரில் அந்தப் போரை நினைவுகூரும் மாகி திருவிழா இன்றும் நம் தைப் பிறப்பு வாக்கில்தான் நடக்கிறது.

மேட்டுக்கரை:
போரை விவரிக்கும்போது வாளைவிடத் தண்ணீரைச் சொல்லுங்கள். அன்று அந்த இடத்தின் பெயர் கித்ரானா. வறண்ட நிலத்தில் மழைநீர் தேங்கும் ஒரு குட்டை. அனந்த்பூரில் குருவைவிட்டு விலகுவதாக 'பேதாவா' எழுதிக்கொடுத்துப் போன 40 பேரை மீட்டு அழைத்து வந்தவர் பாகோ. அவர்கள் குட்டையை மறித்து நின்று, புதர்கள்மேல் துணிகளை விரித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய பாசறை. தம்பு சாகிப் குருத்வாராவின் பெயர் அந்தக் 'கூடாரங்களின்' நினைவு. குரு அம்பெய்த மேடு திப்பி சாகிப். சிர்ஹிந்த் ஆளுநர் வஸீர் கானின் படை தண்ணீர் கிடைக்காமல் திரும்பியது. 40 பேரும் மாண்டார்கள், பாகோ காயத்தோடு பிழைத்தார். பேதாவாவைக் குரு கிழித்தெறிந்த இடம்தான் துட்டி கண்டி சாகிப்.

மிசல்:
மற்றவர்களில் என் தேர்வு இரண்டு பேர்.

சதா கௌர், கன்னையா மிசலின் (சீக்கியப் படைக் கூட்டங்களில் ஒன்று) தலைவி. 1785-இல் கணவர் குர்பக்ஷ் சிங் படாலா அருகே போரில் இறந்தார். அவரைக் கொன்ற பகையில் சுக்கர்சக்கியா மிசலுக்கும் பங்கு உண்டு. அந்த வீட்டுப் பையனுக்கே மகள் மெகதாப் கௌரைக் கட்டிக்கொடுத்துப் பகையைக் கூட்டணியாக்கினார். அந்தப் பையன்தான் பின்னாளில் பஞ்சாப் மகாராஜாவான ரஞ்சித் சிங். 1799 ஜூலையில் லாகூர் விழுந்தபோது மருமகன் லோகாரி வாசல் வழியாகவும் மாமியார் டெல்லி வாசல் வழியாகவும் நுழைந்தார்கள். 1821-இல் அதே மருமகன் அவரைச் சிறைவைத்து நிலங்களையும் எடுத்துக்கொண்டார், 1832-இல் சதா கௌர் மறைந்தார். வென்றவன் அரசவையில் எழுதும் வரலாற்றில் இப்படிப்பட்ட மாமியாருக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்?

அடுத்தவர் பாட்டியாலாவின் சாகிப் கௌர். தம்பி சாகிப் சிங் அரசர், இவர் 1793 முதல் முதன்மை அமைச்சர். மராத்தியர் வந்தபோது அம்பாலா அருகே மர்தான்பூரில் தானே படையோடு நின்றார். அணி தளர்ந்ததும் தேரிலிருந்து இறங்கி வாளை உருவினார். பிறகு இரவுத் தாக்குதல், மராத்தியர் பின்வாங்கினார்கள். இவரையும் பின்னாளில் தம்பியே காவலில் வைத்தார்.

ஒரு எச்சரிக்கை: கால்சா (குரு கோவிந்த் சிங் அமைத்த சீக்கிய சமூகம்) மரபின் தாயாகப் போற்றப்படும் குருவின் மனைவி மாதா சாகிப் கௌர் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் படங்களும் குறிப்புகளும் கலந்துவிடும். 'பாட்டியாலா' என்று சேர்த்தே தேடுங்கள்.

ஓலைநறுக்கு:
பெரிய உதவி. வாள் எடுக்காதவர்களைச் சேர்க்கலாமா? படம் எது போடுவது?

மேட்டுக்கரை:
சேர்க்கலாம், ஆனால் தனிப் பகுதியாக. லாகூர் ஆளுநர் மீர் மன்னு (1748–1753) காலத்தில் சீக்கியப் பெண்களைச் சிறையிலடைத்து மாவரைக்க வைத்ததையும், குழந்தைகளைக் கண்முன்னே கொன்றதையும் மரபு நினைவில் வைத்திருக்கிறது. அர்தாஸ் வேண்டுதலில் உயிர்கொடுத்த ஆண்களோடு பெண்களையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அதே அர்தாஸில் 40 முக்தர்கள் (முக்தி பெற்றவர்கள், கித்ரானாவில் மாண்ட அதே 40 பேர்) உண்டு, அவர்களைத் திருப்பிக்கொண்டு வந்த பாகோவின் பெயர் இல்லை. கட்டுரையைத் தொடங்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ரஞ்சித் சிங்கின் மனைவி ராணி ஜிந்தானைப் போர்க்களத்தில் நிறுத்திவிடாதீர்கள். அவர் செய்தது அரசியல். 1849-இல் சுனார் கோட்டையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி நேபாளம் போனார்.

பாகோவின் படங்கள் எல்லாமே பிற்கால ஓவியரின் கற்பனை, படத்தின் கீழேயே அப்படிக் குறிப்பிட்டுவிடுங்கள். ஓவியம் வேண்டாமென்றால் இடத்தின் படம் போடலாம்: குருவோடு நாந்தேடு வரை வந்த பாகோ கடைசிக் காலத்தைக் கழித்தது கர்நாடகத்தில், பீதர் பக்கம் ஜன்வாடாவில். அங்கே அவர் பெயரில் குருத்வாரா இருக்கிறது.