மறு: வேல்ஸ் தொன்மத்தின் ‘அன்னூன்’ – தமிழில் என்ன?

> அன்னூன் வரும் இடத்திலெல்லாம் ‘பாதாளம்’ என்றே போட்டுவிடலாமா? மெய்ப்பு பார்த்தவர் ‘மறுமை’ என்று திருத்தியிருக்கிறார்.

ஐயா, வணக்கம். அன்னூன் என்பது வேல்ஸ் பழங்கதைகளில் நம் உலகை விட்டு வேறாக இருக்கும் ஓர் உலகம். அதற்கு இந்த இரண்டும் வேண்டாம்.

மறுமைக்குப் போவதென்றால் முதலில் சாக வேண்டும். வேல்ஸின் இடைக்காலக் கதைத்தொகுப்பான மபினோகியின் முதல் கிளையில், அதாவது முதல் கதையில், வரும் டவெட் நாட்டரசன் புய்ல் சாகவில்லை, வேட்டைக்குப் போனவன். காட்டில் வெள்ளை உடலும் சிவந்த காதுமாய்ச் சில நாய்கள் ஒரு மானைச் சாய்த்திருந்தன. அவற்றை விரட்டிவிட்டுத் தன் நாய்களுக்கு அந்த இரையைக் கொடுக்கிறான். அவை அன்னூன் அரசன் அரவுனுடைய நாய்கள். அந்தப் பிழைக்கு ஈடாக இருவரும் உருமாறி, ஓராண்டு ஒருவர் நாட்டை மற்றவர் ஆள்கிறார்கள். அங்கே விருந்து, பாட்டு, வேட்டை. கொதிக்கிற எண்ணெய்க் கொப்பரையைத் தேடினாலும் கிடைக்காது. பாதாளமும் ஒட்டவில்லை: புய்ல் எந்தப் பிலத்திலும் இறங்கவில்லை, குதிரையில்தான் போனான். தாலியெசின் சுவடி என்ற பழைய வேல்ஸ் கவிதைத் தொகுப்பில் உள்ள பாடலிலோ ஆர்தர் அரசன் ப்ரிட்வென் என்ற கப்பலில் அன்னூனுக்குப் போகிறான். திரும்பியவர் ஏழே பேர்.

என் பரிந்துரை: அயலுலகு.

> சொற்பிறப்பைப் பார்த்தால் ‘ஆழுலகு’ பொருந்துமே? அன்னூன் என்ற பெயருக்குள் இருக்கும் ‘டுவ்ன்’ என்ற வேல்ஸ் சொல்லுக்கு ஆழம் என்றுதானே பொருள்? தவிர, ‘அயல்’ என்றதும் பறக்கும் தட்டுதான் நினைவுக்கு வருகிறது.

அம்மா, ஆழம் சரிதான். ஆனால் அந்த வேருக்கு ‘உலகம்’ என்ற பொருளும் உண்டு. ‘உள்ளுலகு’ என்று பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். அதைவிட, ‘ஆழுலகு’ வினைத்தொகையாக நின்று ‘மூழ்குகிற உலகு’ என்றாகிவிடும். வேல்ஸில் கடல்கொண்ட நாட்டுக் கதை தனியே இருக்கிறது, கார்டிகன் விரிகுடாவில். அதற்கு வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளலாம்.

பறக்கும் தட்டுக்காரர்களுக்கு ‘வேற்றுக்கிரகவாசி’ என்ற சொல் இருக்கிறது. அயல்வீடு, அயலார் என்கிறோமே, அந்த ‘பக்கத்திலேயே, ஆனால் நம்முடையதல்ல’ என்ற பொருள்தான் எனக்கு வேண்டும். அரவுன் நாடு டவெட்டுக்கு வேலி தாண்டிய தூரம்தான்.

அன்னூன் பெயராகவே இருக்கட்டும். ‘அயலுலகு’ அது எந்த வகை உலகு என்று சொல்லும் பொதுச்சொல்லாக இருக்கட்டும்.

> அப்படியானால் நாட்டார் கதைகளில் வரும் அன்னூன் நாய்கள்? அங்கே சாவு வருகிறதே?

வருகிறது. இரவில் அவற்றின் குரல் கேட்டால் யாருக்கோ சாவு என்பார்கள். தொலைவில் இருக்கையில் பெரிதாகவும், நெருங்க நெருங்க மெல்லியதாகவும் கேட்குமாம். கிறித்தவம் வேரூன்றிய பின் அன்னூனை நரகமாகவே எண்ணிய காலம் அது. அந்தப் பகுதியில் மட்டும் ‘நரகம்’ என்றே எழுதுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.