மீசை வைத்த மாமா: தான்சானியாவில் மூன்று மாதப் பயிற்சி

வெளிநாட்டில் தன்னார்வ ஆசிரியராகப் போனவர்களின் பயிற்சிக் காலம் எப்படி இருந்தது என்று இங்கே கேட்டிருந்தீர்கள். என் பங்குக்கு இது.

பீஸ் கோரில் சேரப்போகிறேன் என்றதும் அப்பா அதை அப்படியே தமிழாக்கி ஊருக்குப் போனில் சொல்லிவிட்டார். "அமைதிப் படையா? பொம்பளப் பிள்ளைய எதுக்குப் பட்டாளத்துக்கு அனுப்புதீங்க?" என்று திருநெல்வேலியில் பெரியம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். பட்டாளமெல்லாம் இல்லை. வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்ப 1961-ல் கென்னடி தொடங்கிய அமெரிக்க அரசுத் திட்டம் அது. தொடங்கிய ஆண்டிலேயே அன்றைய தாங்கனிக்காவுக்கு, அதாவது இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதிக்கு, ஆள் அனுப்பியிருக்கிறார்கள். மொத்தம் 27 மாதம். அதில் முதல் மூன்று மாதம் பயிற்சி. அது முடிந்து உறுதிமொழி எடுத்த பிறகுதான் 'தன்னார்வலர்' என்ற பெயரே கிடைக்கும். அதுவரை வெறும் டிரெய்னி.

நான் கணக்கும் இயற்பியலும் நடத்தப் போனவள். தாங்கா வட்டாரத்தில் ஒரு வீட்டில் தங்கவைத்தார்கள். சுற்றிலும் ஆரஞ்சுத் தோட்டம், தென்னை. காலையில் நான்கைந்து பேராக மாமரத்தடியில் உட்கார்ந்து சுவாஹிலி படிப்போம், மதியத்துக்கு மேல் பாடம் நடத்தும் முறை.

வீட்டில் உறவுமுறை சொல்லிக் கொடுத்தபோதே எனக்குத் தலை சுற்றியது. சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. அண்ணன் காக்கா. அக்கா தாதா! அந்த வீட்டுப் பெண் ஃபார்ம் ஒன், அதாவது உயர்நிலையின் முதல் வகுப்பு படித்தாள், பதினான்கு வயது. "தாதா, தாதா" என்று என்னையே சுற்றி வருவாள். "யாரடி உன்னை ரவுடி மாதிரி கூப்பிடுறது?" என்று அம்மா போனில் கேட்டாள்.

இரண்டாம் வாரம் ஒரு நாள் சமையல் நடக்கும்போது மாமா, அதாவது அந்த வீட்டு அம்மா, என்னிடம் "ம்புசி எடுத்து வா" என்றார். ம்புசி என்றால் ஆடு என்று அன்று காலைதான் படித்திருந்தேன். நேரே கொல்லைக்குப் போய், முளைக்குச்சியிலிருந்து கயிற்றை அவிழ்த்து, வர மாட்டேன் என்று கத்திய ஆட்டை இழுத்துக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் நின்றேன். மாமா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். அந்தப் பெண் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டு, அப்புறம் எழுந்து போய் ஒரு குட்டை மடக்குப் பலகையைக் கொண்டுவந்தாள். முன்பக்கம் பல் வெட்டிய இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. தேங்காய் துருவி! அதன் பெயரும் ம்புசிதானாம். எங்கள் ஆச்சி வீட்டில் இருந்ததற்குக் கூடப்பிறந்தது போல இருந்தது. ஏறி உட்கார்ந்து இரண்டு மூடியையும் ஓடு வராமல் வெள்ளையாகத் துருவிக் கொடுத்தேன். அந்த ஊரில் நான் தப்பில்லாமல் செய்த முதல் வேலை அதுதான்.

பள்ளிக்கூடக் கதை இதைவிட மோசம். பயிற்சி வகுப்பு எடுக்க "நாளைக்கு சா ம்பிலி" என்று சொல்லியிருந்தார்கள். சா ம்பிலி என்றால் இரண்டு மணி. மதியம்தானே என்று காலையில் சாவகாசமாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். அங்கே மணிக்கணக்கு விடியலிலிருந்து தொடங்குகிறது. காலை ஏழு என்பது ஒரு மணி, எட்டு என்பது இரண்டு மணி. வகுப்பில் படித்த விஷயம்தான், ஆனால் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைத்தான் மூளை நம்பியது. நம் பஞ்சாங்கத்திலும் நாழிகையைச் சூரிய உதயத்திலிருந்துதான் எண்ணுகிறோம் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சோப்பு நுரை காயாத கையோடு ஓடினேன். அறுபது பிள்ளைகள் எழுந்து நின்று "ஷிக்கமோ, ம்வாலிமு" என்றார்கள். ம்வாலிமு என்றால் ஆசிரியர். ஷிக்கமோ பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம். காலைத் தொட்டுக் கும்பிடுவதற்குச் சமம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பதிலுக்கு "மரஹபா" என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். பதற்றத்தில் நானும் "ஷிக்கமோ" என்றேன். வாத்தியார் பிள்ளைகள் காலில் விழுந்த கணக்கு! ஒரு நொடி மயான அமைதி. அப்புறம் வகுப்பே வெடித்தது.

ஒரு வழியாகப் பாடத்தை ஆரம்பித்தேன். அடர்த்தி. அப்போது அங்கே ஏழு வருடத் தொடக்கக் கல்வி சுவாஹிலியில், உயர்நிலைக்கு வந்ததும் திடீரென்று எல்லாம் ஆங்கிலத்தில். நிறை, கன அளவு என்று ஆங்கிலத்திலேயே விளாசிவிட்டு "புரிந்ததா?" என்று கேட்டேன். "ந்தியோ, ம்வாலிமு!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். ந்தியோ என்றால் ஆமாம். ஆஹா, நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி விளக்கடியில் அந்த வீட்டுப் பெண் மெல்ல ஆரம்பித்தாள். "தாதா, புரிஞ்சுதான்னு கேட்டா நாங்க எல்லாரும் ஆமான்னுதான் சொல்வோம். அதைக் கேட்காதீங்க. யாரையாவது எழுப்பி போர்டுல போடச் சொல்லுங்க." மதியம் நடந்த, பாடம் நடத்தும் முறை பற்றிய வகுப்புகளில் நான் எழுதிய நோட்டு இரண்டு குயர் இருக்கும். இதை எவரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

*

உங்கள் பதிவைப் படித்தேன். அண்ணனைக் காக்கா என்றால் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்குக் காயல்பட்டினம். நாங்களும் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். தான்சானியாவின் பெரிய நகரமான தாருஸ்ஸலாமுக்கு வியாபாரமாகப் போயிருந்தபோது கடைப்பையன் என்னைக் "காக்கா" என்றதும், ஊர்ப் பையன்தானோ என்று திரும்பிப் பார்த்தேன். அவன் சொன்ன விலை "லாக்கி மோஜா". மோஜா ஒன்று என்று தெரியும், லாக்கி நம்ம லட்சம். மொழி தெரியாமலே பேரம் பேசிவிட்டு வந்தேன். அது இருக்கட்டும், பயிற்சியின் கடைசியில் சுவாஹிலி மொழித் தேர்வில் பாஸா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?

*

பதிவு எழுதியவள்தான் பதில் சொல்கிறேன். பாஸ்தான், ஆனால் கேளுங்கள். உட்காரவைத்துப் பேசவிட்டு, அதைப் பதிவு செய்துதான் மதிப்பெண் போடுவார்கள். குடும்பத்தைப் பற்றிச் சொல் என்றார் தேர்வாளர். அம்மாவின் தம்பிக்கு ம்ஜோம்பா என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து அது வாயில் வரவில்லை, தமிழ்தான் வந்தது. "என் மாமா நியூ ஜெர்சியில் இருக்கிறார், உயரமானவர், பெரிய மீசை" என்று மடமடவென்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, மிகவும் மரியாதையாக, "உங்கள் அம்மாவுக்கா?" என்றார்.