பெரியவர்களுக்கான ஆட்டிசம் மதிப்பீடு: வழிகாட்டுதல் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். தக்கலையில் வசிக்கும் எனக்கு வயது 38. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட, ஆட்டிசப் பண்புகளை அளக்கும் 50 கேள்விகள் கொண்ட ஏ.க்யூ. சுயமதிப்பீட்டை இணையத்தில் செய்தபோது எனக்கு 36 மதிப்பெண் வந்தது. 32 அல்லது அதற்கு மேல் வந்தால் முறையான மதிப்பீட்டை நாடலாம் என்பதே அதன் பொருள், அதுவே நோயறிதல் ஆகாது என்பதை அறிவேன். நெடுநாள் பதற்றம்கூட மதிப்பெண்ணை உயர்த்தக்கூடும். ஆயினும், சிறு வயதில் கோயில் கொடையின் மேளச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடியதும், இன்றும் கல்யாண வீடுகளில் யாரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் ஒதுங்கி நிற்பதும் அன்றிரவு முழுவதும் நினைவில் வந்துகொண்டே இருந்தன.

நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ பெரியவர்களை மதிப்பிடும் மனநல மருத்துவர் அல்லது உளவியலாளர் எவரையேனும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். குழந்தைப் பருவ வளர்ச்சியைப் பற்றிப் பெற்றோரிடமும் கேட்பார்கள் என்பதால், எழுபது வயதான என் அம்மாவிடம் இதை அவர் மனம் வருந்தாதபடி எப்படிச் சொல்வது என்பதையும், இவ்வழியில் சென்றவர்கள் கூறினால் நன்றியுடையவனாவேன்.