ஏலம் கேட்டு ஃப்ளைட் டிக்கெட், ஓட்டல் ரூம்: இப்பவும் நடக்குதா?

காவேரிப்பட்டணம்_தோட்டம்

வணக்கம். மகளோட பட்டமளிப்புக்கு மே மாசம் நானும் வீட்டுக்காரரும் சிகாகோ போறோம். பெங்களூர் – அபுதாபி – சிகாகோ, எத்திஹாட், எகானமி. டிக்கெட் கிருஷ்ணகிரி ஏஜென்ட் மூலமா எடுத்தாச்சு. மூணு சந்தேகம்.

நாமே ஒரு விலையைச் சொல்லி டிக்கெட் வாங்கலாம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. பின்னாடி வரப்போற கொழுந்தனாருக்கு அது உதவுமா? அடுத்தது, எங்க டிக்கெட்டையே பிசினஸ் கிளாஸுக்கு ஏலம் கேட்டு மாத்தலாமாம். ஆனா எங்களுக்கு அப்படி எந்த மெயிலும் வரல. வீட்டுக்காரர் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி, அதனால ஏதாவது சிக்கலா? மூணாவது, சிகாகோல மகளோட சேர்ந்து மூணு ராத்திரி தங்கணும். பெயரை மறைச்சு மலிவா விக்கிற ரூம் எடுக்கலாமா?

அதியமான்கோட்டை

முதல் கேள்விக்குச் சுருக்கமா: அந்தக் கடை மூடியாச்சுங்க. பிரைஸ்லைன்ங்கற அமெரிக்க டிராவல் சைட்டை 1998-ல அதை வெச்சுத்தான் ஆரம்பிச்சாங்க. ஊரு, தேதி, நம்ம விலை, கார்டு நம்பர் எல்லாம் முன்கூட்டியே குடுக்கணும். ஏதாவது ஒரு கம்பெனி ஒத்துக்கிட்டா அப்பவே பணம் போயிடும். எந்த ஃப்ளைட், எத்தனை மணிக்குன்னு அதுக்கப்புறம்தான் தெரியும். விமானத்துக்கு அதை 2016-ல நிறுத்திட்டாங்க, ஓட்டலுக்கும் பின்னாடி எடுத்துட்டாங்க. இன்னமும் "ஏலத்துல டிக்கெட்"னு யாராவது லிங்க் அனுப்பினா கிட்டயே போகாதீங்க. கொழுந்தனாருக்கு கூகுள் ஃப்ளைட்ஸ்ல தேதியைப் போட்டு விலை அலர்ட் வெச்சுக் குடுங்க, அது போதும்.

இன்னைக்கு ஏலம்னு உயிரோட இருக்கறது அப்கிரேட்தான், அதாவது எடுத்த டிக்கெட்டை மேல் வகுப்புக்கு மாத்தறது. எத்திஹாட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், மலேசியா ஏர்லைன்ஸ் எல்லாத்துலயும் இருக்கு. மெயில் வராததுக்குக் காரணம் பெரும்பாலும் ஏஜென்ட்தான். டிக்கெட்ல அவர் தன்னோட மெயில் ஐடியைக் குடுத்திருப்பார், அழைப்பு அங்கதான் போய்ச் சேரும். அதுக்காகக் காத்திருக்க வேணாம். ஏஜென்ட் கிட்ட விமானக் கம்பெனியோட ஆறெழுத்து பி.என்.ஆர். கேளுங்க. அவர் கம்ப்யூட்டர்ல வர்ற சொந்த புக்கிங் நம்பரைக் குடுத்துட்டா வேலைக்கு ஆகாது. கம்பெனி சைட்ல அப்கிரேட் பக்கத்துக்குப் போயி பி.என்.ஆரும் கடைசிப் பெயரும் போட்டா, உங்க டிக்கெட்டுக்கு ஏலம் உண்டா இல்லையான்னு அங்கேயே தெரிஞ்சிடும். குரூப் டிக்கெட், சில மலிவு கட்டணம் இதுக்கெல்லாம் வராது.

சர்நேம் விஷயம்: பாஸ்போர்ட்ல சர்நேம் இல்லைன்னா அமெரிக்க விசால அவர் பெயரை சர்நேம் கட்டத்துல போட்டு, கிவன் நேம்ல எஃப்.என்.யூ.ன்னு (முதல் பெயர் தெரியலைன்னு அர்த்தம்) அடிச்சிருப்பாங்க. டிக்கெட்ல ஏஜென்ட் எப்படிப் போட்டிருக்கார்னு பாருங்க. ஏலப் பக்கத்துல டிக்கெட்ல கடைசிப் பெயரா என்ன இருக்கோ அதையே எழுத்து மாறாம அடிக்கணும். நம்ம பக்கம் எல்லாரும் அப்பா பெயரை அடிச்சுப் பார்த்துட்டு "பக்கம் திறக்கலை"ங்கறாங்க. விசாவும் டிக்கெட்டும் ஒத்துப் போகலைன்னா அதை இப்பவே ஏஜென்ட் கிட்ட சொல்லித் திருத்திடுங்க, ஏலமெல்லாம் அப்புறம்.

இனி தொகை. பணம் ஏமாறுற இடம் இதுதான். திரையில நீங்க நகர்த்துற தொகை ஒரு ஆளுக்கு, ஒரு ஃப்ளைட்டுக்கு. 400 டாலர்னு வெச்சா உங்க ரெண்டு பேருக்கு 800. ரெண்டு ஃப்ளைட்டுக்கும் அப்படியே வெச்சா 1,600. திரும்பி வர்றது தனிக் கணக்கு.

பெங்களூர் – அபுதாபி நாலு மணி நேரம்தான், அதுக்கு ஒரு டாலர்கூட வைக்காதீங்க. அபுதாபி – சிகாகோ பதினாலு மணி நேரத்துக்கு மேல. பணத்தை அங்க வையுங்க. ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் தனித்தனியா வைக்கலாம், வேண்டாததை விட்டுடலாம். ஒரே பி.என்.ஆர்.ல இருக்கறவங்களுக்கு கிடைச்சா எல்லாருக்கும் கிடைக்கும், இல்லைன்னா யாருக்கும் இல்லை. ஒருத்தருக்கு மட்டும் கேட்க முடியாது.

தொகைக்குப் பக்கத்துல மீட்டர் மாதிரி ஒரு முள் இருக்கும், சிவப்புல தொடங்கி பச்சைக்குப் போகும். பச்சை வந்தாலும் உறுதி இல்லை. அவங்க எதிர்பார்க்கிற அளவுக்கு நீங்க எவ்வளவு கிட்ட இருக்கீங்கன்னுதான் அது காட்டுது. எத்தனை சீட் காலி, வேற யார் எவ்வளவு கேட்டிருக்காங்கன்னு அதுல தெரியாது.

பாகலூர்_ரோடு

அதியமான்கோட்டை அண்ணன் சொன்னதோட ரெண்டு மூணு சேர்த்துக்கறேன்.

ஏலம் கிடைச்சா, முன்னாடி காசு குடுத்து எடுத்த ஜன்னல் சீட்டுப் பணம் பொதுவா திரும்ப வராது. அதனால ஏலம் வைக்கிற ஃப்ளைட்டுக்கு சீட் வாங்காதீங்க. சைவச் சாப்பாடு கேட்டிருந்தா, அப்கிரேட் உறுதியான உடனே பி.என்.ஆரைத் திறந்து அது இன்னும் இருக்கான்னு பார்த்துடுங்க. கேபின் மாறும்போது விட்டுப்போறது சகஜம். மைல்ஸ் (கம்பெனி குடுக்கற பயணப் புள்ளிகள்) பெரும்பாலும் பழைய டிக்கெட் கணக்குலதான் ஏறும். லக்கேஜ் எவ்வளவுங்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், விதிமுறையில பார்த்துக்குங்க.

ஏலத்தை மாத்தவோ எடுக்கவோ ஒரு கடைசி நேரம் உண்டு, அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி வேற. அது தாண்டி அவங்க ஒத்துக்கிட்டா பணம் திரும்பாது. முடிவு ராத்திரி ரெண்டு மணிக்கும் வரலாம். அப்ப கார்டுல பணம் எடுக்க முடியலைன்னா ஏலம் போச்சு. பேங்க் ஆப்ல "இன்டர்நேஷனல்" சுவிட்ச் ஆன்ல இருக்கணும், லிமிட்டும் அந்த மொத்தத் தொகைக்கு மேல இருக்கணும். 2020 அக்டோபர்ல இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுல அது ஆஃப்லதான் வரும். "கார்டு ரிஜெக்ட்"னு புலம்பறவங்கள்ல பாதிப் பேர் இந்த சுவிட்சைத் தொட்டே இருக்க மாட்டாங்க.

ரூமுக்கு வருவோம். பெயரை மறைச்சு விக்கிற ரூமுக்கு பிரைஸ்லைன்ல "எக்ஸ்பிரஸ் டீல்"னு பெயர், ஹாட்வயர்ங்கற இன்னொரு சைட்ல "ஹாட் ரேட்". ஏரியா, ஸ்டார், வசதிகள், விலை எல்லாம் தெரியும், ஓட்டல் பெயர் மட்டும் பணம் கட்டின பிறகு வரும். ரத்து, தேதி மாத்தம் கிடையாது. ஓட்டல் தன் பெயரைப் போட்டு விலையைக் குறைச்சா நேரா புக் பண்ற ஆளும் அதே விலை கேப்பான், அதனாலதான் இந்த முக்காடு.

முக்காடை ஓரளவு தூக்கிப் பார்க்கலாம். அதே சைட்ல சாதாரணப் பட்டியலைத் திறந்து அதே ஏரியா, அதே ஸ்டாரை வடிகட்டியில போடுங்க. விருந்தினர் மதிப்பெண், நீச்சல்குளம், இலவச டிபன், நாய் அனுமதி இப்படி ஒவ்வொண்ணா ஒத்துப் பாருங்க. மறைச்ச ரூம்ல அடிச்சுப் போட்டிருக்கற பழைய விலையும் ஒரு தடயம். அந்த ஏரியால அந்த ஸ்டார்ல நாலஞ்சு ஓட்டல்தான்னா பெயர் பெரும்பாலும் சிக்கிடும். சிகாகோ டவுன்டவுன்ல நாலு ஸ்டார் நிறைய, அங்க கஷ்டம். ஒஹேர் ஏர்போர்ட் பக்கம் கொஞ்சம் சுலபம்.

ஆனா அம்மா, உங்களுக்கு இது ஒத்துவராதுன்னுதான் தோணுது. மூணு பேர். மறைச்ச ரூம் ரெண்டு பெரியவங்களுக்குத்தான் உறுதி. ரெண்டு கட்டிலா ஒரே கட்டிலாங்கறது ஓட்டல்காரன் இஷ்டம். மூணாவது ஆளுக்கு மடக்குக் கட்டில் கேட்டா தனிக் காசு, தீ பாதுகாப்பு விதியைக் காட்டி மறுக்கவும் செய்வாங்க. பட்டமளிப்பு வாரத்துல அந்த ரிஸ்க் வேணாம். பெயர் தெரிஞ்ச ஓட்டல்ல "ரெண்டு குயின் பெட்"னு எழுதியிருக்கற ரூமை, ரத்து பண்ற வசதியோட எடுங்க.

காவேரிப்பட்டணம்_தோட்டம்

ரொம்ப நன்றிங்க. ரெண்டு பேருமே பணம் கட்டுறதைப் பத்திச் சொன்னதால கேக்கறேன். ரூமை எங்க கார்டுல போடலாமா, மகள் கார்டுல போடலாமா? அவகிட்ட அமெரிக்க கார்டு இருக்கு. அப்புறம் அந்த முள் எதுவரைக்கும் போனா போதும்?

அதியமான்கோட்டை

மகள் கார்டு. யோசிக்கவே வேணாம். நம்ம கார்டுல டாலர் செலவுக்கு பெரும்பாலும் 3.5 சதவீதம் மார்க்அப் (பேங்க் எடுத்துக்கற கூடுதல் கட்டணம்), அந்தக் கட்டணத்து மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக 4.13. ராத்திரிக்கு 150 டாலர்னு வெச்சா மூணு ராத்திரி 450. சிகாகோ ஓட்டல் வரி 17 சதவீதத்துக்கு மேல; 17-ன்னே வெச்சாலும் 526.50. நம்ம கார்டுன்னா 548. அந்த 22 டாலர் சும்மா போகுது. எந்தப் பக்கத்துலயாவது "ரூபாயில கட்டறீங்களா"ன்னு கேட்டா டாலரையே தேர்ந்தெடுங்க. ரூபாய்ல கட்டினா டாலர் ரேட்டை அவங்க இஷ்டத்துக்கு வெச்சுக்குவாங்க.

மகள் கட்டினாலும், கவுண்டர்ல சாவி வாங்கப் போறவர் பெயர் புக்கிங்ல இருக்கணும். அங்க டெபாசிட்டுக்கு ராத்திரிக்கு 50, 100 டாலர்னு பிடிச்சு வைப்பாங்க. அதுக்கு கிரெடிட் கார்டையே நீட்டுங்க. டெபிட், ஃபாரெக்ஸ் கார்டுன்னா பிடிச்ச பணம் விடுபட நாளாகும், செலவுக்கு வெச்ச காசு முடங்கிடும்.

முள் கணக்கு: முதல்ல அதே தேதிக்கு பிசினஸ் டிக்கெட் என்ன விலைன்னு பாருங்க. நீங்க கட்டினதுக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்துல பாதியைத் தாண்டி ஏலம் வைக்கறதுல அர்த்தமில்லை. குறைஞ்சபட்சத் தொகையிலயே நிறுத்திட்டு கிடைக்கும்னு இருக்கறதும் வீண், எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. நடுவுல, சிவப்பு தாண்டின உடனே கொஞ்சம் மேல வெச்சுட்டு, கெடு முடியறதுக்கு முந்தின நாள் சீட் மேப்பை (எந்த சீட் காலின்னு காட்டுற படம்) பாருங்க. பிசினஸ்ல பெரும்பாலும் காலின்னா அப்படியே விடுங்க, நிறைஞ்சிருந்தா கொஞ்சம் ஏத்துங்க. சீட் மேப் முழு உண்மை சொல்லாது, சீட் தேர்ந்தெடுக்காதவங்க அதுல தெரிய மாட்டாங்க.

பாகலூர்_ரோடு

ஒண்ணு விட்டுப்போச்சு. ஏலத்துல காசு போட்டுட்டு ஃப்ளைட்டை விட்டா மொத்தமும் போச்சு. கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்கு ஓசூர், எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் வழின்னா சாயங்காலத்துல நாலு மணி நேரம் தனியா ஒதுக்குங்க. பகல்ல போறீங்கன்னா ஓசூர்ல பாகலூர் ரோட்டைப் பிடிச்சு மாலூர், ஹொஸ்கோட்டே வழியா ஏறினா ஊருக்குள்ள மாட்டாம போயிடலாம். டிரைவர் கிட்ட முதல் நாளே சொல்லி வெச்சிடுங்க, இல்லைன்னா பழக்கத்துல சில்க் போர்டுக்கே விட்டுடுவாங்க.