கடலூர் 'ஃபார்மர்லி' சவுத் ஆற்காட்: சரியா, தவறா?

கெடிலக்கரை:
பள்ளி ஆண்டு மலருக்காக ஆங்கிலத்தில் ஊர் அறிமுகம் எழுதுகிறேன். 'கடலூர் டிஸ்ட்ரிக்ட், ஃபார்மர்லி சவுத் ஆற்காட்' என்று போட்டிருக்கிறேன். மலர்க்குழுவில் ஒருவர் அது பிழை, 'எர்ஸ்ட்வைல்' போடு என்கிறார். இரண்டுக்கும் 'முன்பு' என்றுதானே பொருள்?

வில்லியனூர்வாசி:
பிழை என்று அவர் சொன்னது சரி. ஃபார்மர்லி போட்டால், இப்போதுள்ள அதே இடம்தான் முன்பு வேறு பெயரிலோ வேறு நிலையிலோ இருந்தது, இப்போது அப்படி இல்லை என்றாகும். எங்கள் பாண்டிச்சேரி 2006 அக்டோபர் 1 முதல் புதுச்சேரி. எல்லை அப்படியே இருக்கிறது, பெயர்தான் மாறியது. அங்கே ஃபார்மர்லி கச்சிதமாகப் பொருந்தும். தென்னாற்காடு 1993-ல் இரண்டாகப் பிரிந்தது. இன்றைய விழுப்புரம், கள்ளக்குறிச்சி எல்லாம் அதற்குள்தான் இருந்தன. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு முழுசும் இதுதான் என்று எப்படிச் சொல்வது?

மஞ்சக்குப்பத்தான்:
நான் இதை ஏற்க மாட்டேன் சார். தென்னாற்காட்டுக்குத் தலைநகர் கடலூர். பிரித்த பிறகும் கலெக்டர் ஆபீஸ் இங்கேயேதான் இருந்தது. விழுப்புரத்துக்குத்தான் எல்லாம் புதிதாக அமைத்தார்கள். பாகம் பிரிந்து தம்பி தனி வீடு கட்டிப் போய்விட்டால், அண்ணன் இருக்கும் வீடு பூர்வீக வீடு இல்லை என்று ஆகிவிடுமா? கடலூர்தான் தொடர்ச்சி. ஃபார்மர்லி இருக்கட்டும்.

பத்திர எழுத்தர்:
தலைநகர் விஷயம் உண்மைதான். ஆனால் 1980-ல் திண்டிவனத்தில் பிறந்தவரின் சான்றிதழில் சவுத் ஆற்காட் என்று இருக்கும். உங்கள் வரியை வெளிநாட்டில் ஒரு அதிகாரி படித்தால், அவர் கடலூர் மாவட்டத்துக்காரர் என்றுதான் எடுத்துக்கொள்வார். பாஸ்போர்ட்டில் விழுப்புரம் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, ஏன் வித்தியாசம் என்று கேள்வி வரும். இந்த ஒரு சொல்லால் அலைகிறவர்களை நான் பார்க்கிறேன்.

மஞ்சக்குப்பத்தான்:
அது பத்திரம், சான்றிதழ் விஷயம். இது ஆண்டு மலர். படிப்பவருக்குப் புரிந்தால் போதாதா?

ஆங்கில ஆசிரியை, நெல்லிக்குப்பம்:
ஆண்டு மலரைப் படிக்கப் போவது பிள்ளைகள். அவர்களுக்கு ஏன் தவறாகச் சொல்லித்தர வேண்டும்? எர்ஸ்ட்வைலையும் அப்படியே இடம் மாற்றி வைக்க முடியாது. 16-ம் நூற்றாண்டில் அது வினையடையாகத்தான் புழங்கியது. அந்த வழக்கு ஏறக்குறைய மறைந்துவிட்டது. இன்று அது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கிற பெயரடை. கடலூர் 'தி எர்ஸ்ட்வைல் சவுத் ஆற்காட் டிஸ்ட்ரிக்ட்'டின் ஒரு பகுதி என்று எழுதலாம். கமா போட்டு 'கடலூர், எர்ஸ்ட்வைல் சவுத் ஆற்காட்' என்பது இடறும்.

அப்புறம், ஃபார்மர்லியை ஃபார்மலியோடு குழப்பாதீர்கள். பிள்ளைகளிடம் இது நிறைய வருகிறது. புதுச்சேரி நிர்வாகம் 1954 நவம்பர் 1-ல் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல். அந்த இரண்டாவதுக்கு ஃபார்மலி, அதாவது முறைப்படி. அங்கே ஃபார்மர்லி எழுதினால், ஒரு காலத்தில் இணைந்திருந்தது, இப்போது இல்லை என்று பொருள் தலைகீழாகிவிடும்.

வில்லியனூர்வாசி:
மஞ்சக்குப்பத்தாருக்கு ஒன்று. கடலூருக்கு ஃபார்மர்லி போட உண்மையிலேயே ஒரு பெயர் இருக்கிறது. 1993-ல் பிரித்தபோது உங்கள் மாவட்டத்துக்கு வைத்த பெயர் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம். 1997-ல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர் பெயர்களை எடுத்தபோதுதான் அது கடலூர் மாவட்டம் ஆனது. 'ஃபார்மர்லி சவுத் ஆற்காட் வள்ளலார் டிஸ்ட்ரிக்ட்' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

மஞ்சக்குப்பத்தான்:
சரி, வள்ளலார் பெயர் வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பழைய தென்னாற்காட்டுக்குக் கடலூர் தலைநகராக இருந்தது என்பதும் வர வேண்டும். அதை விட்டுவிட்டு வெறுமனே 'ஒரு பகுதி' என்று எழுதினால் என் ஆட்சேபம் அப்படியே நிற்கும்.

கெடிலக்கரை:
இரண்டையும் சேர்க்கிறேன். ஃபார்மர்லி வள்ளலார் மாவட்டத்துக்கு, எர்ஸ்ட்வைல் சவுத் ஆற்காட் டிஸ்ட்ரிக்டுக்கு, தலைநகர் விவரம் அடுத்த வாக்கியத்தில். டீச்சர், முழுப் பத்தியையும் இரவு இங்கே போடுகிறேன். அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.